நாலாவது கழுந்து

கீழக்கரையில் ஒரு வீடு.
வாசலின் அகலம் மூன்றடி இரண்டங்குலம்.
சீனத்து அலமாரியின் அகலம் நாலரை அடி.
"எப்படி உள்ளே வந்ததோ
அப்படியே வெளியே போகட்டும்"
என்றார் சித்தி ஜுனைதா,
வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டிமேல் கையை ஊன்றி.
மாமனார் பினாங்கில் ஏலத்தில் எடுத்ததாம்.
நிக்காஹ் முடிந்து வந்த நாளிலிருந்து
அதன் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொள்கிறாராம்.
சென்னைக்காரர் ஒருவர் முன்பணம் போட்டுவிட்டார்.

நான் சந்தியாகு. மூக்கையூர்.
வள்ளத்துக்கு வங்கு வைக்கிறவன்.
வீட்டுச் சாமான் என் வேலை இல்லை.
தடைக்காலம் முடிந்து,
பழுது பார்த்த படகெல்லாம் கடலில் கிடக்க
கை சும்மா இருந்தது. வந்தேன்.

முதலில் ஆணியைத் தேடினேன்.
டார்ச் அடித்தேன். காந்தத்தை ஓட்டினேன்.
காந்தம் எங்கேயும் மயங்கவில்லை,
பித்தளைக் கீலைக்கூடச் சட்டை செய்யவில்லை.
பூட்டைப் பார்க்கும் திருடன் மாதிரி
ஒரு மணி நேரம் சுற்றி வந்தேன்.
மேல்சட்டத்து மூலையில், அரிசிமணி அகலத்தில்
ஓர் ஆப்பு.
கொட்டாப்புளியால் தட்டினேன்.
தட்டினேன் என்பதே அதிகம்.
வெளியே தலை நீட்டி
யார் நீ என்றது.

அதன்பிறகு எல்லாம் சொல்பேச்சுக் கேட்டது.
கதவுப் பலகை மட்டும் சட்டத்தோடு ஒட்டவே இல்லை,
பள்ளத்துக்குள் சும்மா நின்றது.
சுற்றிலும் அரை நூல் இடைவெளி.
வேலைத் தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன்.
தப்பில்லை,
ஐப்பசியில் மரம் உப்புவதற்கு விட்ட இடம்.
நாங்களும் மரம் உப்பும் என்று நம்பித்தான்
பலகையைப் பலகையோடு நெருக்கி,
இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிக்கிறோம்.
உப்பாவிட்டால் ஆள் முங்கும்.
இவன் அதே உப்பலுக்கு
எழுந்து இடம் கொடுத்திருக்கிறான்,
பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பதுபோல.

கழுந்துகளில் மையெழுத்து.
ஒன்றில் ஒரு கோடு. அடுத்ததில் இரண்டு.
மூன்றாவதில் மூன்று.
"சீனம் படிக்கிறேன், பாருங்க" என்றேன்.
ஜுனைதாம்மா சிரிக்கவில்லை.
நாலாவதில் ஒரு சின்னப் பெட்டி,
உள்ளே இரண்டு கால் தொங்கியது.
அத்தோடு என் படிப்பு முடிந்தது.
ஆனால் எதிர்த்துளையிலும்
அதே பெட்டி, அதே இரண்டு கால்.
எழுத்தறியாதவன் கையிலும் ஒருநாள் சிக்கும் என்று
எழுதும்போதே தெரிந்திருக்கிறது அவனுக்கு.

அந்த நாலாவதில்தான் ஆப்பு வேறு நிறம்.
முகர்ந்தேன். நாக்கில் வைத்தேன்.
பூவரசு.
நம் பக்கத்து உளி, அவசர வெட்டு.
எனக்கு முன்னால் எவனோ இதைக் கோத்திருக்கிறான்.
பின்னே?
அன்றைக்கும் வாசல் மூன்றடி இரண்டங்குலம்தானே.
கப்பலில் வந்தபோது பழைய ஆப்பு தொலைந்திருக்கும்.
கூலிக்குச் சண்டை போட்டானோ,
மத்தியானம் சோறு போட்டார்களோ,
பெயர் எழுதி வைக்கவில்லை.
ஆப்பு மட்டும் அறுபது வருஷமாய் அசையவில்லை.

நாற்பத்தேழு துண்டு.
சாக்கில் சுற்றி டாட்டா ஏஸில் ஏற்றினோம்.
ஜுனைதாம்மா காலி இடத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.
பிறகு பிளம்பருக்குப் போன் போட்டார்.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து அழைப்பு:
"எல்லாம் சேர்ந்துவிட்டது.
ஒரு மூலை மட்டும் ஆடுகிறது."
சட்டைப் பையைத் தடவினேன்.
பீடிக்கட்டுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நடுவில்
பூவரசு.

சாயல்குடி கூரியர் கடைப் பையன்
உறையைத் தராசில் வைத்தான்.
எடுத்து மறுபடி வைத்தான்.
"அண்ணே, எடையே காட்டலை.
உள்ளே என்ன?"

"அலமாரி" என்றேன்.