ஆளுக்கொரு கை

மோய் அவென்யூ கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மைகளுக்கு
ஆண்டு முழுக்கத் தள்ளுபடி.
ஐம்பது சதவீதம், சிவப்பு எழுத்தில்.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
மீதி ஐம்பதே என் அறை வாடகை.

அதனால் கிகோம்பா.
வெள்ளிக்கிழமை பொதி உடைப்பார்கள்.
ஆறு மணிக்குமுன் போய்விடு.
ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்:
மழை பெய்தால் சேறு கணுக்கால் வரை வரும்,
பெய்யாவிட்டாலும் வரும்.
பணத்தை மூன்று இடத்தில் பிரித்து வை.
எல்லாவற்றுக்கும் மேலாக,
பிடித்ததைப் பிடித்ததாகக் காட்டாதே.

ஒகும்பாவின் கத்தி பட்டையைத் தொட்டதும்
சுற்றி நின்ற பேச்சு அறுந்துவிடும்.
எங்கோ குளிர் நாட்டில் நசுக்கிக் கட்டிய துணிகள்
நைரோபி காற்றில் ஒரே மூச்சாக உப்பும்.
பூச்சியுருண்டை வாசம். கப்பல் வாசம்.
முதல் தரத்துக்கு இங்கே கேமரா என்று பெயர்,
ஏனென்று கேட்டால்
ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.
மிச்சம் மீதியெல்லாம் மத்தியானம்
நூறு நூறு என்ற கூவலில் போய்விடும்:
மியா, மியா, மியா.

கருநீல ஜாக்கெட்.
உள்ளே நாவல்பழ நிறத்தில் லைனிங்,
நான்கு பொத்தானில் ஒன்று மட்டும் வேறு சாதி.
வலக்கையை நான் பிடித்தேன்.
இடக்கையை ஏற்கெனவே யாரோ.
நிமிர்ந்தால்
என் தோள் உயரத்துக்கு ஒருத்தி,
விடமாட்டேன் என்கிற தாடை.

"நான்தான் முதலில்."
"நான்தான்."
"புதன்கிழமை எனக்கு இன்டர்வியூ."
"எனக்கும்."
"கிழித்தால் இரண்டு ஜாக்கெட் விலை,"
என்றான் ஒகும்பா, அடுத்த பொதியிலிருந்து தலை தூக்காமல்.

நானூற்றைம்பது ஷில்லிங்.
என்னிடம் முந்நூறு, அவளிடம் இருநூற்றறுபது.
ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள்.
எங்கள் கணக்கில்
ஆடையே பாதி பாதி.

பெயர் கெமுன்டோ. அவள் துவைத்தாள்.
கரிப்பெட்டிக்காரனிடம் நான் தேய்த்து வாங்கினேன்.
இன்டர்வியூ எந்தக் கம்பெனி என்று
இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை,
செவ்வாய் இரவு வரைக்கும்.
ஒரே இன்சூரன்ஸ் கம்பெனி. ஒரே வேலை.
எனக்குப் பத்து மணி, அவளுக்குப் பத்தரை.
போனில் கொஞ்ச நேரம்
மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் அவள் சொன்னாள்:
"ஊக்கு இருக்கிறதா உன்னிடம்?"

மூன்றாம் மாடிக் கழிவறையில்
என் உடம்புச் சூடு ஆறாத ஜாக்கெட்டை
அவள் மேல் மாட்டினேன்.
கைநுனியை இரண்டு விரற்கடை உள்ளே மடித்து
ஊக்குப் போட்டேன்.
குத்துகிறதா என்று கேட்டேன்.
"குத்தட்டும், நிமிர்ந்து உட்காருவேன்."

உள்ளே மூன்று பேர்.
நடுவில் முத்துத்தோடு போட்ட அம்மாள்
என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சிரித்தபடி கேட்டிருந்தாள்:
"நல்ல ஜாக்கெட். எங்கே வாங்கினாய்?"
லண்டனில் அத்தை இருக்கிறாள் என்றேன்.
அரைமணி கழித்து
அதே பொத்தானைப் பார்த்து
அதே கேள்வி.
மோய் அவென்யூ, பாதி விலை என்றிருக்கிறாள் கெமுன்டோ.
இதைச் சொல்லிச் சொல்லி
பஸ் நிறுத்தத்தில் நாங்கள் சிரித்ததில்
இரண்டு மட்டாட்டு போய்விட்டது.

இரண்டு பேரையுமே கூப்பிடவில்லை.

அடுத்த வெள்ளி, ஐந்தே முக்கால்.
தூறல்.
ஒகும்பாவின் கத்தி பட்டையை அறுத்தது.
எனக்கு முன்னால்
முழங்கை வரை துணிக்குள் விட்டுத் துழாவுகிற ஒருத்தி:
தலையில் பிளாஸ்டிக் பை, காலில் ரப்பர் பூட்ஸ்,
காதில் முத்து.
கெமுன்டோ என் விலாவில் இடித்தாள்.
அந்த அம்மாள் எங்களைப் பார்த்தாள்.
பார்த்ததாகக் காட்டவில்லை.
பச்சைப் பட்டு பிளவுஸ் ஒன்றை
அலட்சியமாக, யாருக்கு வேண்டும் இது என்பதுபோல,
மெல்ல உருவி எடுத்தாள்.

முழுக்க வரவில்லை.
மறு கை
என் கையில் இருந்தது.