இரண்டாம் சனி, காலை பத்து மணி

திங்கட்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும்,
விபத்து வழக்குகளா, குடும்ப வழக்குகளா என்று.
இரண்டு மேசைதான் காலி என்றார் சீனியர்.
ஒன்றின் தலைக்கு மேல் மின்விசிறி.
இன்னொன்றின் பக்கத்தில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் பாட்டில்,
அழுகிறவர்களுக்கு.

விபத்து நல்லது.
சொல்லவே கூசுகிறது, ஆனாலும் நல்லது.
கட்டைவிரலுக்கு இவ்வளவு, முழங்காலுக்கு இவ்வளவு
என்று கணக்கு இருக்கிறது.
இன்சூரன்ஸ் கம்பெனி ராத்திரி ஒரு மணிக்கு போன் போட்டு
"வாசல்ல வந்து நின்னுட்டு இப்பத்தான் போறான் மேடம்"
என்று கிசுகிசுப்பதில்லை.

மற்றது எனக்குப் புதிய தொழிலும் அல்ல.
மூன்றாம் வகுப்பிலிருந்து பார்க்கிறேன்.
"உங்கப்பாவுக்குச் சோறு வேணுமான்னு கேளு."
"வேணாம்னு சொல்லு."
அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவே நின்று
இருதரப்பையும் வாய்மொழியாகச் சமர்ப்பித்திருக்கிறேன்.
"வேணாம்" என்பதைப்
"பசிக்கலையாம்" என்று திருத்தியும் கொடுத்ததுண்டு.
கட்டணம் கிடையாது. வாய்தா உண்டு.
அவர்கள் இன்னும் ஒரே கூரையின் கீழ்தான்.
எந்தக் கோர்ட்டுப் படியும் ஏறியதில்லை.
தண்ணீர்க் குடம் மட்டும் இரண்டு.

இன்று இரண்டாம் சனி.
லோயர்கேம்ப் தாண்டி,
மின்நிலையக் குழாய்கள் மலையிறங்கும் வளைவு தாண்டி,
ஏலத் தோட்டத்துக்குப் பிந்திப் போன ஜீப்பில்
பதினேழாவது ஆளாக, ஒற்றைத் தொடை வைக்கும் இடத்தில் குமுளி போனேன்.
பைக்குள் உத்தரவின் நகல்:
"செக்போஸ்ட் அருகில், காலை பத்து மணிக்கு,
மைனரை மனுதாரரிடம் ஒப்படைக்க."

மனுதாரர் வனராணி.
கம்பத்தில் திராட்சைக் கொடி கவாத்து.
எட்டு மணிக்கே வந்து நின்றிருக்கிறாள்,
கையில் டிபன் பாக்ஸ், விரலிடுக்கில் மருந்துக் கறை.
எதிர்மனுதாரர் ஷிபு.
வண்டிப்பெரியாற்றில் ஒர்க்‌ஷாப்.
பைக்கை அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்.
ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் காகிதத்தைப் பார்த்தேன்.

நடுவே லாரி, வாழைக்குலை, சபரிமலைக்கு ஒரு வேன்,
டிக்கியைத் திறந்து மூடும் போலீஸ்காரர்.
அவற்றினூடே பையன் தானாகவே நடந்து வந்தான்.
இரண்டு கையாலும் ஒரு பாலிதீன் கவரை ஏந்தியபடி.
உத்தரவில் பெயரில்லை.
"ஜித்தின்" என்று அவனே சொன்னான்.

கவருக்குள் ஒரு கப்பி மீன்.
வாலில் மட்டும் ஆரஞ்சு.

"அச்சன் வீட்ல பூச்ச இருக்கு.
அம்மா வீட்டுத் தண்ணியில
போன தடவ ரெண்டு செத்துப்போச்சு."
நீட்டினான்.
"நீங்க ரெண்டு பேருக்கும் இல்லல்ல?"
கோட்டு போட்ட ஆளிடம் கேட்கிற கேள்விதான்.
ஆனால் நான் கோட்டே போட்டிருக்கவில்லை.
பிறகு,
"உங்க வீட்டுத் தண்ணி எப்படி?"

எந்தச் சட்டப் புத்தகத்திலும் இதற்குப் பிரிவு இல்லை.
எங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று
யாரும் இதுவரை கேட்டதுமில்லை.

இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும்
கவர் சாயாமல் நான் சாய்ந்தேன்.
கண்டக்டர் எட்டிப் பார்த்து,
"அரை டிக்கெட்டா?" என்றார்.

வீட்டில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் கிடைத்தது.
கழுவி எடுத்துக்கொண்டு
இரண்டு குடத்துக்கும் முன்னால் வெகுநேரம் நின்றேன்.
"என்னவாம் அவளுக்கு?" என்றார் அப்பா, சுவரிடம்.
பதிலை நான் எடுத்துப் போகவில்லை.
தெருக்குழாயில் பிடித்து வந்தேன்.

குளோரின் போக ஓர் இரவு திறந்து வைக்க வேண்டுமாம்.
அதையும் அவன்தான் சொல்லியிருந்தான்.
பாட்டில் சன்னலில்.
மீன் இன்னும் கவரோடு, நாற்காலி முதுகில் கட்டித் தொங்குகிறது.
நடுநடுவே எழுந்து டார்ச் அடிக்கிறேன்.
செவுள் அசைகிறது.

டயரியைத் திறந்து
அடுத்த மாதத்து இரண்டாம் சனியைத் தேடி,
காலை பத்து மணி,
குமுளி செக்போஸ்ட், ஒரு மீன், ஒப்படைக்க
என்று எழுதினேன்.
எந்த மேசையில் உட்கார்ந்தாலும்
அன்று லீவு கேட்க வேண்டும்.