தூரம்

உன் கடவுள் தூரத்திலா இருக்கிறார் என்று
ஒருநாள் கேட்டாள் ரெகுலா.
சர்ச் வரி வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவள்,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
என்னோடு விரிப்பு மடிப்பவள்.
ஆராவிலிருந்து ஒல்டன் ஒன்பது நிமிஷம்,
பிறகு பஸ் என்றேன்.
சிரித்ததில்
விரிப்பின் தன் பக்க முனையை விட்டுவிட்டாள்.

தை மாதச் செவ்வாய்.
தம்பி குகநேசனின் ஸ்கேன் முடிவு
வெள்ளிக்கிழமை வரும்.
பையில் தேங்காய், கற்பூரம்,
மல்லிகை கிடைக்காத குறைக்கு
வெள்ளைத் துலிப் ஒரு கட்டு.
டயர்க் கிடங்குக்கும் கார் கழுவுமிடத்துக்கும் நடுவே
எங்கள் கோயில்.
ஐயருக்குக் காய்ச்சல் என்றது
கதவில் ஒட்டிய தாள், இரண்டு மொழியில்.

சப்பாத்தைக் கழற்றிய பிறகுதான் வாசித்தேன்.

அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம்.
ஆற்றங்கரையால் நடந்தேன்.
புகார் மூடி ஆரே தெரியவில்லை,
அதன் சத்தம் மட்டும்
இடது தோளோடு வந்தது.
வேலிக்கம்பி, நாணல், யாரோ மறந்த சைக்கிள்
எல்லாவற்றிலும் உறைபனி,
காற்று வந்த பக்கம் மட்டும்
ஊசி ஊசியாய் முளைத்து.
திருநீறு என்று சொல்ல நா எழுந்தது.
அடக்கிக்கொண்டேன்.
பூசியவர் எவருமில்லை. நெற்றியுமில்லை.
பனி பனியாய் இருந்தது, போதும்.

இந்த நிலம் எந்தத் திணை?
பள்ளியில் ஐந்து படித்தேன்,
ஐந்துக்கும் தெய்வம் பாடமாக்கினேன்.
பனிக்கு ஒருவரையும் வைக்கவில்லை.
ஆளில்லாத கதிரை என்றுதான்
இருபத்தொரு வருஷம்
இதைக் கடந்து வேலைக்குப் போனேன்.

கல்லொன்றில் நீர்க்காகம்
ஈரச் சிறகை விரித்து நின்றது.
அசையவில்லை. நானும்.
கேட்க வந்தது மறந்துபோயிற்று;
நினைவு வந்தபோது
கேட்கத் தோன்றவில்லை.
அதற்கு ஸ்கேன் தெரியாது, என்னைத் தெரியாது.
ஆனாலும், எப்படிச் சொல்ல,
நான் தனியாக நிற்கவில்லை.
பூவை ஆற்றில் விடக் கட்டை அவிழ்த்தேன்.
ஆறு ஒன்றும் கேட்கவில்லையே என்று
திரும்பக் கட்டினேன்.

பஸ் போய்விட்டது. அதற்கடுத்ததும்.

இரவு அந்தத் தேங்காயில் சம்பல் இடித்தேன்.
கோயிலில் கூட்டமோ என்றான் தம்பி.
பூட்டிக் கிடந்தது.
அப்ப இவ்வளவு நேரமும் எங்கே?

கிட்டத்தான் என்றேன்.
உப்புக் காணுமோ, பார்.