தரைக்குக் கீழே பெய்யும் மழை

உபி தொழிற்பேட்டையில், ஆறாம் மாடியில்,
நாங்கள் ஓர் ஊரை ஓட்டிக்கொண்டிருந்தோம்.
ஒரு கடற்கரை, இரண்டு சந்தை,
ஏறவே முடியாத ஒரு கோபுரம்
(படிக்கட்டு வரைய நேரமில்லை),
இரவானால் குடியேறும் முந்நூற்றுச் சொச்சம் பேர்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை
அது செத்துப்போனது.

பட்டென்று அல்ல.
முதலில் நடப்பவர்கள் கொஞ்சம் யோசித்து நடப்பார்கள்.
கையசைத்தால்
கை இறங்கிய பிறகு அசைவு வந்து சேரும்.
அப்புறம் கடல்
ஓர் அலையைப் பாதியில் பிடித்துக்கொண்டு நிற்கும்.
அப்புறம் சாம்பல் திரை,
அதில் நான் எழுதிய மன்னிப்பு,
ஓர் எழுத்துப் பிழையோடு.

ரேம் கூட்டுவோம் என்றார் வீ லியாங்.
கூட்டினோம்.
ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை செத்தது.
முன்னேற்றம்தான் லா, என்றார்.

நினைவு கசிகிறது என்பது எங்கள் தொழில் வழக்கு.
தப்பான சொல்.
கசிந்தால் குடம் வற்ற வேண்டும் அல்லவா?
இது நேர்மாறு. எதையும் விடமாட்டேன் என்கிற பிடிவாதம்.
முடிந்த பந்தியின் எச்சில் இலைகளை
மேசையிலேயே அடுக்கி அடுக்கி
அடுத்த பந்திக்கு இடமில்லாமல்
மண்டபத்தையே பூட்டுகிற வேலை.

மூன்று இரவு குவியலைக் கிளறி எண்ணினேன்.
நாற்காலிகள் கணக்கு சரி.
ஆட்கள் சரி.
வெளியேறியவர்களின் நிழல்கள்கூட
ஒழுங்காக வெளியேறியிருந்தன.
மழைத்துளிகள்: நாற்பத்தொரு லட்சம்.

ஊரில் அப்போது மழையே இல்லை.

ஜன்னலுக்கு வெளியே இருந்தது.
சுமத்ராப் பக்கமிருந்து விடியலில் வரும் ஆவேச மழை.
லாரிகளின் கூரையை அறைந்து
சாலையில் உருண்டு
லோங்காங்கில் இறங்கி
காலாங் பக்கம் போய்க்கொண்டிருந்தது.
போய்க்கொண்டிருந்தது என்பதைத்தான்
வெகுநேரம் பார்த்தேன்.

துளி தரையைத் தொட்டால் அழியும்
என்றுதான் எழுதியிருந்தேன்.
ஆனால் மணலும் சந்தைத் தரையும் சேரும் இடத்தில்
மயிரிழை இடைவெளி.
அதில் நுழைந்த துளிக்கு
நீ விழுந்தாயிற்று என்று சொல்ல ஆளில்லை.
விழுந்துகொண்டே இருக்கிறது,
வெளிச்சமும் அடியும் இல்லாத இடத்தில்.
ஒன்பது மணி மழை,
பத்தரை மணி மழை,
யாரோ தம் திருமணத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய தூறல்.
நொடிக்கு அறுபது முறை
ஒவ்வொன்றையும் கூப்பிட்டு
எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறது இயந்திரம்.
கீழே, என்கின்றன.
இன்னும் கீழே.

திருத்தம் ஒரே வரி:
நூறு மீட்டர் தாண்டினால் விட்டுவிடு.

ஒரு வரிக்கா மூன்று இரவு, என்றான் ஹஃபீஸ்.
கோப்பி ஓ கோசோங் வாங்கித் தந்தான்,
அதையும் என் கணக்கில்.

பதினோரு நாள் ஊர் சாகவில்லை.
பன்னிரண்டாம் நாள் உட்லண்ட்ஸிலிருந்து,
ரோஸ்னானி என்பவர்:
"வேலை முடிந்து எட்டு மணிக்கு உள்ளே வருவேன்.
நடுராத்திரி வாக்கில் கடல் நிற்கும்.
நின்றால் தூங்கப் போவேன்.
இப்போது நிற்பதே இல்லை.
இந்த வாரம் மூன்று நாள் பஸ்ஸைத் தவறவிட்டேன்.
பழையபடி ஆக்கித் தர முடியுமா?"

அது பிழை, சரிசெய்துவிட்டோம்,
பொறுமைக்கு நன்றி
என்று பதில் அனுப்பினேன்.
எழுத்துப் பிழை இல்லாமல்.

பஸ் என்ற சொல் மட்டும் போகவில்லை.
மதியச் சாப்பாட்டில் இருந்தது,
உபி ரயில் நிலையப் படிகளில் இருந்தது.

வியாழக்கிழமை எல்லோரும் போனபிறகு
இன்னும் ஒரு வரி சேர்த்தேன்.
பன்னிரண்டு அடிக்கும்போது
கடல் ஓர் அலையைப் பாதியில் பிடித்துக்கொள்ளும்.
ஏழு நொடி.
பிறகு விடும்.

வெள்ளிக்கிழமை காலை பதினேழு புகார்கள்:
கடலில் கோளாறு.
ரோஸ்னானியிடமிருந்து ஒன்றுமில்லை.

பதினேழையும் மூடினேன்.
காரணம் எழுதும் கட்டத்தில்:
"மீண்டும் நிகழ்த்திப் பார்க்க இயலவில்லை."
ஹஃபீஸ் என்னைப் பார்த்தான்.
நான் கோப்பியைப் பார்த்தேன்.