ஏழாம் அறைக்கு அடுத்து வருபவருக்கு

உங்கள் பெயர் தெரியவில்லை.
ஆலை அலுவலகத்தில் "புது ஆள்" என்றுதான் சொன்னார்கள்.
நான் தவசிமுத்து. எண்ணெய்ச் சோதனைக்கூடம், மூன்று ஆண்டு.
நாளை விடிகாலை ஐந்தரைக்கு வேன்.

கதவு அடியில் சிக்கும்.
உதைக்க வேண்டாம், கொஞ்சம் தூக்கித் தள்ளுங்கள்.
மழை நாளில் உதைக்கலாம்.

முதல் வாரம் நாற்றம் தூங்கவிடாது.
செம்பனைக் குலை வெந்து, கழிவுக் குளம் புளித்து
சட்டைக்குள் வந்து படுத்துக்கொள்ளும்.
இரண்டாம் வாரம் மூக்கு விட்டுக்கொடுத்துவிடும்.
நாற்றமே இல்லை என்று வீட்டுக்குப் போனில் சொல்வீர்கள்.
அன்று முதல், பகாவ் போகும் பேருந்தில்
உங்கள் பக்கத்து இருக்கை
ஏன் காலியாகவே வருகிறது என்று கவனியுங்கள்.

தமிழ் பேசும் இடம், சமாளிக்கலாம் என்று வந்திருப்பீர்கள்.
நானும் அப்படித்தான்.
"பசியாறியாச்சா?" என்றார் கிராணி தனேஸ்வரி, காலை எட்டு மணிக்கு.
"எனக்குப் பசியே இல்லைங்க" என்றேன்.
கேட்டது காலைச் சாப்பாட்டைப் பற்றி என்று
பதினோரு மணிக்குப் புரிந்தது,
வயிற்றில்.
சாமான் கடையில் சோப்பு "மூணு வெள்ளி" என்றார்கள்.
மூன்று வாரத் தவணை போலிருக்கிறது, நல்ல மனுஷர் என்று
நன்றி சொல்லி நடந்தேன்.
ஆ கியோங் ரோடு வரை ஓடிவந்தார்.
தமிழில்தான் திட்டினார்.
இங்கே வெள்ளி பணம், கிழமை அல்ல.

புளி, மிளகாய் சுமந்து வந்திருந்தால் வீண். எல்லாம் கிடைக்கும்.
மூக்குக் கண்ணாடி இன்னொன்று கொண்டுவந்திருந்தால்
புத்திசாலி நீங்கள்.
சிம் கார்டைக் கேட்டுக்கு வெளியே விற்பவனிடம் வாங்காதீர்கள்.
மின்விசிறியில் மூன்றாம் எண் வேலை செய்யாது.

பாஸ்போர்ட்.
இதை மட்டும் நின்று படியுங்கள்.
"பத்திரமாக வைத்திருக்கிறோம், கொடுங்க" என்பார்கள்.
கேட்கும் குரல் அன்பாகத்தான் இருக்கும்.
எட்டாம் அறை ஷஃபிகுல் கொடுத்தான்.
அவன் அப்பா போன செய்தி ஒரு சனிக்கிழமை வந்தது.
அலமாரிச் சாவி வைத்திருந்தவர்
சிரம்பானில் யாரோ கல்யாணத்தில் இருந்தார்.
திங்கள் காலை திறந்தார்கள்.
அங்கே மண் போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது.
அவன் அப்புறம் போகவில்லை.
பாஸ்போர்ட்டை விரித்துத் தன் படத்தையே
பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் தேநீர் போட்டேன். வேறு என்ன தெரியும் எனக்கு.
நகல் கொடுங்கள். எத்தனை கேட்டாலும் நகல்.
அசல் தலையணை உறைக்குள் இருக்கட்டும்.

"ஊர்லேருந்து வந்தவரா?" என்று கேட்பார்கள்.
எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள்.
இங்கிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் முழுக்க ஒரே ஊர்.
சங்கரன்கோவிலை விளக்கப் போய் மூச்சு வாங்கியிருக்கிறேன்.
ஒருநாள் திருப்பிக் கேட்டேன், உங்களுக்கு எந்த ஊருங்க?
தனேஸ்வரி டைப் அடிப்பதை நிறுத்தாமல்
ஜன்னல் பக்கம் தாடையை நீட்டினார்.
லோரி, செம்பனை, மேலும் செம்பனை,
பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டி.
"தொட்டிக்குப் பின்னாலே, ரெண்டாவது வீடு."

இதற்கெல்லாம் பழகிவிடுவீர்கள்.
பழகியதும் ஒரு தொந்தரவு.
போன மாதம் போனில் மனைவியிடம்,
"முப்பது வெள்ளி ஆச்சு" என்றேன்.
அந்தப் பக்கம் சத்தமில்லை.
பிறகு,
"இன்னும் முப்பது வெள்ளிக்கிழமையா?" என்றாள்.
இல்லை, செருப்பு, செருப்பு வாங்கினேன் என்று
நான் கத்தியது எட்டாம் அறைக்கும் கேட்டிருக்கும்.

சோறு வடிக்கும் குக்கரை விட்டுப் போகிறேன்.
இரண்டாம் கோட்டுக்கு மேல் தண்ணீர் வைத்தால்
பொங்கி பிளக் வரை வரும்.
சாவி ஆ கியோங் கடையில்.
என் பெயரைச் சொன்னால் "சோப்பு" என்று சிரிப்பார்.
சிரிக்கட்டும்.