நாற்பது கிலோ

காவேரிப்பட்டினம் சாலையில் மாங்கூழ்க் கம்பெனி.
எடைமேடைக்குப் பக்கத்தில் என் அறை:
ஒரு ஜன்னல், ஒரு காற்றாடி,
சிவப்பு எண்கள் ஓடும் ஒரு பெட்டி.
ஜூன் மாதம் வண்டிகள்
கேட்டிலிருந்து புளியமரம் வரை நிற்கும்.

முதல் நாளே சொல்லிவிட்டார் முனிரத்தினம்:
"டன்னுக்கு நாற்பது கிலோ தள்ளிப் போடும்மா.
காம்பு, பால், ஈரம், அழுகல்.
யாரும் கேக்க மாட்டாங்க."
யாரும் கேட்கவில்லை.
இரண்டு சீசன்.

பொய் சொல்கிறேன் என்றே தோன்றவில்லை எனக்கு.
வாய் திறந்தால்தானே பொய்?
விரல்தான் தட்டியது.
காலையில் பஸ் கந்திகுப்பம் தாண்டும்போது
கம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு
சிலுவை போடுகிற அதே விரல்.

கடைசி வண்டி போனபின் ஒருநாள்
நானே மேடையில் ஏறி நின்றேன்.
ஐம்பது என்றது பெட்டி.
இறங்கி ஏறினேன். அறுபது.
பத்துப் பத்தாய்த்தான் அதற்குத் தெரியும்.
நடுவில் இருக்கிற சலேத்தம்மாளை
வேறு யாராவதுதான் நிறுக்க வேண்டும்.

மூன்றாம் சீசனில் வந்தான் திம்மராயன்.
டிராக்டர் நிறைய பெங்களூரா.
நல்ல மனுஷன் என்று சொல்லிவிட முடியாது.
வரிசையில் முந்தினான்.
லாரிக்கார மாதேஷை அடிக்கப் போனான்.
இரண்டு ராத்திரி டிரெய்லருக்கு அடியில் படுத்த கண்
ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தது.
வெயிலில் எண் தெரியவில்லை அவனுக்கு.
மணி கேட்பதுபோலக் கேட்டான்:
"சரியாத்தானே இருக்கு?"

பழத்தோடு ஐயாயிரத்து எண்ணூற்று எழுபது.
காலி வண்டி இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பது.
மிச்சம் மூவாயிரத்து இருநூற்று இருபது.
அதில் தள்ள வேண்டியது நூற்று முப்பது.
கிலோ ஏழு ரூபாய்.

ஆண்டவரே, கரண்ட் போகட்டும் என்று செபித்தேன்.
பத்தே நிமிஷம்.
தினமும் இந்நேரம் போவதுதானே,
இன்றைக்கும் போகட்டும்,
முனிரத்தினம் வந்து கையால் எழுதிக்கொள்ளட்டும்,
என்னைக் கேட்காதேயும்.

காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது.

முப்பது வெள்ளிக்காசு ஞாபகம் வந்தது.
பெரிய பேச்சு.
இது வெறும் தொள்ளாயிரத்துப் பத்து ரூபாய்.
"சரியா இருக்கு" என்றேன்.
சொன்னபிறகுதான்
அதைச் சரியாக்கும்படி தட்டினேன்.
மூன்று, இரண்டு, இரண்டு, பூஜ்யம்.

முனிரத்தினம் கத்தவில்லை.
"உனக்குக் கண்ணு சரியில்லபோல" என்றார்.
மறுநாள் பழம் கழுவும் தொட்டி.
கூலியில் தொண்ணூறு குறைவு.
விரலிடுக்கெல்லாம் மாம்பால் பட்டுப் புண்;
நெற்றியைத் தொட்டால் எரிகிறது.
ஜெயராக்கினியின் ஹாஸ்டல் பணம்
ஜூலை பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும்.
வழி தெரியவில்லை.
தெரியும் என்று சொன்னால் அதுவும் ஒரு நாற்பது கிலோ.

செப நோட்டின் கடைசிப் பக்கங்களில்
பழைய கணக்கை எழுதிப் பார்க்கிறேன்.
ரசீதில் வண்டி நம்பர்தான், ஆள் இல்லை.
மரமேறிய அந்தக் குள்ளன்
நாலு மடங்காய்த் திருப்பிக் கொடுத்தானாம்.
அவனுக்கு வீடுகளாவது தெரிந்திருக்கும்.
எனக்குப் போச்சம்பள்ளியிலிருந்து பர்கூர் வரை
பார்க்கிற பக்கமெல்லாம் மாமரம்,
எதன் அடியில் போய்
யாரைக் கூப்பிடுவது?

நேற்று திம்மராயன் மறுபடி வந்தான்.
தொட்டித் தண்ணீர் தெறித்ததற்கு
என்னைத் திட்டிவிட்டுப் போனான்.
அடையாளம் தெரியவில்லை.
ஜன்னலில் இப்போது லோகேஷ் என்றொரு பையன்.
அவன் என்ன தட்டினானோ.
கைகழுவப் போகும்போது அவனிடம் ஒரு வார்த்தை
சொல்லலாம் என்று இருக்கிறேன்.
இன்னும் சொல்லவில்லை.

இன்று மதியம் கரண்ட் போனது.
பெல்ட், பம்பு, விளக்கு எல்லாம் ஒரே நொடியில் நின்று
கொட்டகைக்குள் கும்மிருட்டு.
பன்னிரண்டு நாள் லேட், ஆண்டவரே.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பக்கத்துத் தொட்டிக்காரி
"என்னடி?" என்றாள்.
ஒன்றுமில்லை என்று
தண்ணீருக்குள் கைவிட்டு
அடுத்த பழத்தைத் தேடினேன்.