ஐம்பது மில்லி

முதல் மாதம் என் சாப்பாடு
காபி குடிக்கிற பிளாஸ்டிக் குவளையில்.
ஐம்பது மில்லி.
வடிகட்டிய கோழிச்சாறு ஒன்று,
அரைமணி கழித்து இளநீர் ஒன்று.
அடுப்படி மேடையில் வரிசையாக நிறுத்தி
கைப்பேசியில் மணி வைத்துக் குடித்தேன்.
மணி அடிக்காவிட்டால் மறந்தே போயிருப்பேன்.

நான், ஜுசிலேனி,
சாப்பிட மறந்தேன்.
புருஷன் அடெயில்சனிடம் சொன்னபோது
சிரித்துச் சிரித்து அவனுக்கு விக்கல் எடுத்தது.

எல்லோருக்கும் ஒரு சாண் வயிறு.
எனக்கு முழம்.
ரெசிஃபி ஆஸ்பத்திரியில் அதை
ஒரு வாழைப்பழ அளவுக்கு விட்டுவிட்டு
மீதியை வெட்டி எடுத்தார்கள்.
பசி சுரக்கிற இடமும் அந்த மீதியில்தானாம்.
"அதை எங்கே போட்டீர்கள், டாக்டர்?"
அவர் வேறு யாருடைய தாளிலோ
கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

நாற்பத்தொரு வருஷம் கூடவே இருந்தவன்.
வாடகை தராதவன்.
நடுச்சாமம் இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவான்.
அம்மாவைப் புதைத்த அன்றும் தட்டினான்,
வெட்கமில்லாமல்.
கல்லறையிலிருந்து திரும்பும் வழியில்
பேருந்து நிலையத்தில் நின்றபடியே
கோழி அடைத்த கோஷின்யா மூன்று தின்றேன்,
கறுப்பு உடையில் எண்ணெய் சொட்ட.

இப்போது அந்த அறை காலி.
காலையில் காது கொடுத்துக் கேட்கிறேன்.
குழாய் சொட்டுகிறது.
பக்கத்து வீட்டு நாய்.
உள்ளே யாருமில்லை.

விடுப்பு முடிந்து
காருவாருவில் என் பள்ளிக்கூடச் சமையலறைக்குத் திரும்பினேன்.
முந்நூற்றுப் பத்துப் பிள்ளைகள்,
ஒன்பதரை மணிச் சாப்பாடு.
உப்புப் பார்க்க நாக்கு போதும், வயிறு வேண்டாம்.
பூண்டு பொரிந்தால் மட்டும் குமட்டும்.
"ராணி மாதிரி இருக்கிறாய்" என்றாள் மார்லுசி.
ராணியின் முடி
கொத்துக் கொத்தாக வலைத்தொப்பியில் கிடந்தது.

அன்று அண்டாவில் மிஞ்சியது.
மறுநாளும்.
வியாழக்கிழமை மார்லுசி கணக்குப் பார்த்தாள்,
ஐம்பது பேர் சாப்பாடு அப்படியே.
பீன்ஸைத் திட்டினோம். வெயிலைத் திட்டினோம்.

பிறகு அந்தச் சத்தம்.
ஸ்பூன் காலித் தட்டைச் சுரண்டுகிற சத்தம்.
பிளாஸ்டிக் தட்டுதான்,
ஆனாலும் எனக்குப் பல் கூசியது.
ஜொனாத்தாஸ், மூன்றாம் வகுப்பு.
திங்கட்கிழமைகளில் இவனுக்கு
என் கரண்டி கேட்காமலே ஆழம் போகும்.
சனி ஞாயிறு அவன் வீட்டில் அடுப்பு எரியாது.
யாரும் சொன்னதில்லை.
அவன் கண்ணைப் பார்த்ததும்
உள்ளே அந்த வாடகை தராதவன்
சொந்தக்காரனைக் கண்ட மாதிரி எழுந்து நிற்பான்.

இப்போது எழுந்து நிற்க ஆளில்லை.
வயிற்றோடு சேர்ந்து
என் கண்ணும் சுருங்கியிருக்கிறது.
முந்நூற்றுப் பத்துப் பேருக்கும்
நான் ஐம்பது மில்லி பரிமாறிக்கொண்டிருந்தேன்.

அதற்குப்பின் என் கையை நான் நம்புவதில்லை.
"போதுமா?" என்று ஒவ்வொருவரையும் கேட்கிறேன்.
வரிசை நகரவில்லை,
தலைமையாசிரியை முறைக்கிறார்.
எல்லோருமே போதாது என்கிறார்கள்.
எவன் நிஜம், எவன் விளையாட்டு,
தெரியவில்லை.
எல்லோருக்கும் போடுகிறேன்.

பதினோராம் மாதம். ஜூன்.
வாசல்தோறும் விறகு அடுக்கிவிட்டார்கள்,
தெருவெல்லாம் சோளம் வேகும் ஆவி.
ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தில்
கம்பியைப் பிடித்து நின்றேன்.
விலாவுக்குக் கீழே ஒரு கிள்ளல்.
பிள்ளை அசைகிறதோ என்று நினைத்தேன்,
இந்த வயதில்!
இன்னொரு கிள்ளல்.

ஓ.
நீயா.

உணவு ஆலோசகர் சொல்லியிருந்தார்:
திரும்பி வரும், வந்த அன்றே போன் செய்யுங்கள்.
நம்பர் இருக்கிறது.
பயமும் இருக்கிறது.
நூற்று முப்பத்தெட்டுக் கிலோவை
என் முழங்கால்கள் மறக்கவில்லை.

இறங்கி ஒரு சோளம் வாங்கினேன்.
இரண்டு வரிசை தின்றேன், மெதுவாக.
மீதியைத் தோகையிலேயே சுற்றிப் பையில் வைத்தேன்.
நாளை திங்கட்கிழமை.

போன் செய்வேன்.
செவ்வாய்க்கிழமை செய்வேன்.